விருந்தினர் கண்ணில் பட்டவை: சியோல் 1988



2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் இருக்கிறது என்று 2024 அக்டோபரில் இந்தியா பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. இனி ஒரு பத்தாண்டுக்காவது ‘உலக அரங்கில் இந்தியா’ என்ற தொடர் காலையிலும் மாலையிலும் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் உச்சத்துக்குப் போவதற்குள், இப்படியொரு விழாவை நடத்தி உண்மையிலேயே உலகத்தில் இடம் பிடித்த ஒரு நாட்டின் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நாடு தென் கொரியா. ஆண்டு 1988.

அந்தக் கதையைப் பொதுவாக இப்படிச் சொல்வார்கள்: போரில் சிதைந்த ஏழை நாடு உழைத்து முன்னேறியது, பிரமாண்டமாக ஒலிம்பிக் நடத்தியது, உலகம் மூக்கில் விரல் வைத்தது, மதிப்பு உயர்ந்தது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பின்னணி. ஒலிம்பிக் கேட்பது என்று முடிவெடுத்தவர் அதிபர் பார்க் சுங் ஹீ. 1979 அக்டோபரில் சியோல் நகரம் அதை அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி, தன் உளவுத்துறைத் தலைவரின் கையாலேயே அவர் சுடப்பட்டு இறந்தார். டிசம்பரில் தளபதி சுன் டூ ஹ்வான் ராணுவத்தைக் கைக்குள் கொண்டுவந்தார். 1980 மே மாதம் குவாங்ஜு நகர மக்கள் எதிர்த்துக் கிளம்பியபோது ஊரைச் சுற்றி வளைத்து, வெளியூர்த் தொலைபேசித் தொடர்பைத் துண்டித்து, சுட்டுத் தள்ளினார்கள். ஒரு ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் கடத்திக்கொண்டு போன படச்சுருள்கள் வெளியுலகம் கண்ட முக்கியமான சாட்சி. இந்த ஆட்சிக்குத்தான் அடுத்த ஆண்டு ஒலிம்பிக் கிடைத்தது. 1981 செப்டம்பர் 30, மேற்கு ஜெர்மனியின் பேடன் பேடன். சியோலுக்கு 52 வாக்கு, ஜப்பானின் நகோயாவுக்கு 27. ஆதரவு திரட்டப் போன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங்.

அன்றைய தென் கொரியாவுக்கு ஐ.நா. சபையில் உறுப்பினர் இடம்கூட இல்லை. ஒரு பொதுவுடைமை நாட்டோடும் தூதரக உறவு இல்லை. நள்ளிரவிலிருந்து காலை நான்கு மணி வரை ஊரடங்கு. 1945இலிருந்து தொடர்ந்து வந்த ஊரடங்கு அது. அதை 1982 ஜனவரியில்தான் எடுத்தார்கள். விருந்தாளிகள் வரப்போகும் ஊரில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்து என்று சொல்ல முடியாது என்பதும் ஒரு காரணம். விழாவால் கொரியருக்குக் கிடைத்த முதல் லாபம் என்று இதைத்தான் நான் சொல்வேன். பிரதான மைதானம் திறக்கும் முன்பே கிடைத்த லாபம்!

ஏன் இவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் முதலாவது வந்தவர் கொரியரான சோன் கீ சுங். மூன்றாவதாக வந்தவரும் கொரியர்தான். நாடு ஜப்பானின் பிடியில் இருந்ததால், ஜப்பானியர் என்ற கணக்கில், ஜப்பானிய உச்சரிப்பில் மாற்றிய பெயரோடு அவர் ஓட வேண்டியிருந்தது. பரிசு மேடையில் ஜப்பானியக் கொடி ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டு, கையில் கொடுத்த ஓக் கன்றால் மார்பில் இருந்த சூரியச் சின்னத்தை மறைத்தபடி நின்றார். டோங்கா இல்போ நாளிதழ் அந்தப் படத்தில் சின்னத்தை அழித்துவிட்டு அச்சிட்டது. செய்தியாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பத்திரிகையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அந்த சோன் கீ சுங், 1988 செப்டம்பர் 17 அன்று, எழுபதைக் கடந்த வயதில், ஒலிம்பிக் சுடரை ஏந்திக்கொண்டு சியோல் மைதானத்துக்குள் வந்தார். ஓடினார் என்று சொல்வதைவிடச் சிறுபிள்ளைபோலக் குதித்துக்கொண்டு வந்தார் என்று சொல்ல வேண்டும். பழைய காணொளி கிடைத்தால் மாணவர்கள் பார்க்க வேண்டும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் ஏடுகளில் அவர் வென்ற பதக்கம் இன்றும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இனி மீதிப் பாதி. கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. சியோலில் வெள்ளையடிக்க முடியாததை எல்லாம் இடித்தார்கள். நாய்க்கறி விற்ற கடைகளைப் பெரிய சாலைகளிலிருந்து சந்துகளுக்குத் துரத்தினார்கள். ஹான் ஆற்றின் கரைகளைக் கட்டி, கழிவுநீரைப் பிரித்து, ஆற்றை ஓரளவு ஆறாக மாற்றினார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. சுரங்க ரயிலுக்கு மூன்று தடங்கள் புதிதாக வந்தன. தெருவில் திரிந்தவர்களையும் பிச்சையெடுத்தவர்களையும் பிடித்து விடுதிகளில் அடைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அது இந்த ஆண்டுகளில் வேகம் பிடித்தது. பூசானில் இயங்கிய அப்படியொரு விடுதியில் மட்டும் 657 பேர் இறந்திருக்கிறார்கள் என்று கொரிய அரசின் உண்மை அறியும் ஆணையமே 2022இல் அறிவித்தது.

வீடிழந்தவர்கள் கணக்கு இன்னும் பெரிது. வீட்டுரிமைக்காகப் பாடுபடும் பன்னாட்டு அமைப்பு ஒன்று 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சியோல் ஒலிம்பிக்கை ஒட்டி வெளியேற்றப்பட்டவர்கள் 7,20,000 பேர். இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் மனசில் ஒன்றும் பதிவதில்லை. ஆகவே ஒரு பேட்டையை மட்டும் பார்ப்போம்.

சியோலின் வடக்கு ஓரத்தில் சாங்கே என்ற பகுதி. அங்கே இருந்த குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். மக்கள் மியோங்டோங் தேவாலய வளாகத்தில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு நகரத்துக்கு வெளியே புச்சோனில், நெடுஞ்சாலை ஓரமாக, கொஞ்சம் நிலம் கிடைத்தது. அங்கே தட்டி கட்டிக் குடியேறினால், அதையும் பிரித்து எறிந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? ஒலிம்பிக் சுடர் ஓட்டம் அந்தச் சாலை வழியாகப் போகப் போகிறது. போகும்போது குடிசை கண்ணில் படக்கூடாது. தரைக்கு மேலே எதையும் கட்டக்கூடாது என்றதும் அந்த மக்கள் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டி அதற்குள் குடியிருந்தார்கள். குளிர்காலத்தில் கொரியாவில் பள்ளத்துக்குள் குடியிருப்பது! கிம் டோங் வோன் என்ற இளம் இயக்குநர் அவர்களோடேயே தங்கி, அரை மணி நேரத்துக்கும் குறைவான ஓர் ஆவணப்படத்தை எடுத்தார். ‘சாங்கேடோங் ஒலிம்பிக்’ என்று பெயர் வைத்தார். கொரிய ஆவணப்பட இயக்கத்தின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு.

விருந்தினர் கண்ணுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று அரசு போட்ட கணக்கு இது. ஆனால் விருந்தினர் கண் என்பது அரசின் கையில் மட்டும் இருக்கும் பொருளா? 1987இல் கொரிய மக்கள் அதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். என் பேச்சின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1987 ஜனவரியில் பார்க் ஜோங் சுல் என்ற மாணவர் காவலில் இறந்தார். விசாரணையின்போது மேசையில் ஓங்கித் தட்டினோம், ஒரு சத்தம் போட்டுச் செத்துப்போனான் என்றது காவல்துறை. தண்ணீருக்குள் அமுக்கிக் கொன்றிருக்கிறார்கள் என்பது அதே மாதம் வெளியே வந்தது; குற்றவாளிகளில் சிலரை மூடி மறைத்தார்கள் என்பது மே மாதத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார் மூலம் வெளியே வந்தது. இடையில் ஏப்ரல் 13 அன்று, அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்செல்லாம் ஒலிம்பிக் முடிந்த பிறகுதான் என்று சுன் அறிவித்தார். விழா வருகிறது, வாயை மூடிக்கொண்டிருங்கள் என்பதுதான் சாரம். ஜூன் 9 அன்று லீ ஹான் யோல் என்ற இன்னொரு மாணவரின் தலையில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்தது. நண்பனின் பிடியில் சரிந்து கிடக்கும் அவருடைய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. மறுநாளிலிருந்து இருபது நாள் நாடு முழுக்கத் தெருவில் நின்றது. மாணவர்கள் மட்டுமல்ல, கழுத்துப்பட்டை கட்டிய அலுவலக ஊழியர்களும் மதிய இடைவேளையில் இறங்கி வந்து கோஷம் போட்டார்கள்.

ராணுவத்தை இறக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜூன் 19 அன்று அமெரிக்கத் தூதர் அதிபர் ரீகனின் கடிதத்தோடு சுன்னைப் பார்த்து, அந்த வழிக்குப் போக வேண்டாம் என்றார். ஆளும் கட்சிக்குள்ளும் பயம். அடுத்த ஆண்டு விழா. குவாங்ஜுவில் செய்ததைச் சியோல் தெருக்களில் செய்தால் ஒலிம்பிக் வேறு ஊருக்குப் போய்விடும், அல்லது பாதி நாடுகள் வரமாட்டா. ஜூன் 29 அன்று சுன்னின் வாரிசாகக் கருதப்பட்ட ரோ தே வூ, நேரடித் தேர்தல் உட்பட எதிர்க்கட்சிகள் கேட்டவற்றை ஏற்பதாக அறிவித்தார். லீ ஹான் யோல் ஜூலை 5 அன்று இறந்தார். இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் வந்தார்கள்.

ஒலிம்பிக்தான் கொரியாவுக்கு மக்களாட்சி கொண்டுவந்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. கொண்டுவந்தவர்கள் உயிரைக் கொடுத்தவர்களும் தெருவில் இறங்கியவர்களும். ஆனால் 1980இலும் 1987இலும் அதிபர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது அதே ராணுவம், அதே தளபதி. ஏழு ஆண்டில் மாறியது அவர்களுடைய மனம் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தேதி குறித்தாகிவிட்டது, ஊரைக் கூப்பிட்டாகிவிட்டது. சுட முடியாத இடத்தில் அவர்களே போய் நின்றுகொண்டார்கள். டிசம்பரில் நடந்த தேர்தலில் கிம் யங் சாம், கிம் டே ஜுங் என்ற இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்களும் விட்டுக்கொடுக்காமல் வாக்கைப் பிரித்ததால் ரோ தே வூவே ஜெயித்தார் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாத அரசியல்.

விழா நடந்தது. கொரியா 12 தங்கம் வாங்கி நான்காவது இடம் பிடித்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக நாட்டின் கடிகாரத்தையே கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். நூறு மீட்டர் இறுதிப் போட்டி மதியம் ஒன்றரைக்கு நடந்தது. உலகம் பார்த்தவற்றில் அழகில்லாதவையும் உண்டு. சுடர்க் கொப்பரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாக்கள் தீயில் கருகின. தோல்வியை ஏற்காத ஒரு கொரியக் குத்துச்சண்டை வீரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேடையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் தெளிவாக வென்ற சண்டையில் கொரியரான பார்க் சி ஹுனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். பாவம், அந்தப் பதக்கம் வாழ்நாள் முழுக்க அவரை உறுத்தியது. 2023இல் அவரே அதை ஜோன்ஸ் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மதிப்பு எங்கே கூடியது? ராஜதந்திரத்தில் கூடியது. மாஸ்கோவுக்கு 1980இல் அமெரிக்கா வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 1984இல் சோவியத் அணி வரவில்லை. சியோலுக்கு இரண்டும் வந்தன. போட்டியில் பங்கு கேட்ட வட கொரியாவோடு ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்து முறிந்தது. 1987 நவம்பரில் கொரிய விமானம் ஒன்று அந்தமான் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறி 115 பேர் இறந்தார்கள்; குண்டு வைத்தவர்கள் வட கொரிய உளவாளிகள். அதற்குப் பிறகும் சோவியத்தும் சீனாவும் வந்தன. தொடக்க விழாவுக்கு நான்கு நாள் முன்பு ஹங்கேரி நிரந்தரப் பிரதிநிதிகளைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டது. 1989 பிப்ரவரியில் முழுத் தூதரக உறவு. சோவியத் ஒன்றியத்தோடு உறவு 1990 செப்டம்பர் 30 அன்று, பேடன் பேடன் வாக்கெடுப்பு நடந்து சரியாக ஒன்பது ஆண்டு கழித்து. ஐ.நா. உறுப்பினர் இடம் 1991 செப்டம்பர் 17, தொடக்க விழாவின் மூன்றாம் ஆண்டு நாளில். 1992 ஆகஸ்டில் சீனா.

இந்தத் தேதிகளை அடுக்கிவிட்டுக் கைதட்டலாம். ஆனால் ஹங்கேரிக்குக் கொரியா கடன் கொடுத்தது. சோவியத்துக்கு 300 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 1986, 87, 88 மூன்று ஆண்டும் கொரியப் பொருளாதாரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. எண்ணெய் விலை, டாலர் மதிப்பு, வட்டி மூன்றும் இறங்கியிருந்த காலம். ஹூண்டாயின் எக்செல் கார் 1986இலேயே அமெரிக்கச் சாலைகளில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதாவது கையில் காசும் விற்கச் சரக்கும் இருந்த நாடு விழா நடத்தியது. கதவைத் தட்ட விளையாட்டு ஒரு சாக்கு. உள்ளே போய்ப் பேசியது பணப்பை. விழாவை நடத்தினால் வளர்ச்சி வரும் என்று இங்கே மேடை போட்டுச் சொல்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வாசிக்கிறார்கள்.

தலைகீழாக வாசித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் இருக்கிறது. 2009இல் ரியோவுக்கு ஒலிம்பிக் கிடைத்தபோது அதிபர் லூலா கண்ணீர் விட்டார்; நாங்களும் இனி பெரிய நாடு என்ற கண்ணீர். 2016இல் விழா வந்தபோது பொருளாதாரம் இரண்டாவது ஆண்டாகச் சுருங்கிக்கொண்டிருந்தது, ரியோ மாநில அரசு நிதிப் பேரிடர் அறிவித்திருந்தது, அதிபர் தில்மா பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தார்.

சீனாவிடம் காசும் இருந்தது, சரக்கும் இருந்தது. 2008 பெய்ஜிங் தொடக்க விழாவை மறந்தவர்கள் கிடையாது. ஆனால் அதே ஆகஸ்டில், தன் குழந்தைப் பால்மாவில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்திருப்பது சான்லூ நிறுவனத்துக்குத் தெரியும், நிறுவனம் இருந்த நகர நிர்வாகத்துக்கும் தகவல் போயிருந்தது. மேலே சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தது செப்டம்பரில், ஒலிம்பிக் முடிந்து விருந்தினர் திரும்பிய பிறகு. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. சியோலில் விருந்தினர் கண்ணைக் குடிமக்கள் பிடித்துக்கொள்ள முடிந்தது. பெய்ஜிங்கில் பால்மாவைப் பற்றி எழுதியிருக்க வேண்டிய செய்தியாளர்களுக்கு, விழா கெடக்கூடாது என்று வாய்ப்பூட்டு. ஒரே மாதிரி விழா, ஒரே மாதிரி வாணவேடிக்கை. வேறுபாடு அந்த இடத்தில்தான்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2010 டெல்லி காமன்வெல்த்தை விரிவாகப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நடைமேம்பாலம் சரிந்தது, குடிசைப் பகுதிகளை விளம்பரத் தட்டிகளால் மறைத்தார்கள், ஏற்பாட்டுக் குழுத் தலைவர் கைதானார். இந்தியா 38 தங்கம் வாங்கி இங்கிலாந்தை ஒரே ஒரு தங்கத்தில் முந்தி இரண்டாமிடம் வந்தது. ஹாக்கி இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் எட்டுக்குப் பூஜ்யம். அந்த எட்டைப் பற்றித்தான் எங்கள் தெரு டீக்கடையில் அதிகம் பேசினார்கள்.

தமிழ்நாட்டில் நடந்ததற்கும் ஒரு சொல். 2022இல் ரஷ்யாவிடமிருந்து எடுக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. கையில் இருந்தது நான்கு மாதம்தான். நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் அடித்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் போட்டி எடுபட்டது. மானுவல் ஆரோன் 1961இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார்; 1972இலிருந்து சென்னை சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் தால் பெயரில் சதுரங்கக் கழகம் நடந்தது; அங்கே பழகிய விஸ்வநாதன் ஆனந்த் பிறகு உலகத்தையே வென்றார். அறுபதாண்டு ஆட்டம் இருந்த ஊருக்கு மேடை வந்து சேர்ந்தது. குகேஷ் அந்த மேடையில் முதல் பலகையில் தங்கம் வென்று, 2024இல் உலக வாகையரும் ஆனார்.

கடைசியாக, 1982 ஆசிய விளையாட்டு. வண்ணத் தொலைக்காட்சியும் போட்டிச் சின்னமான அப்பு யானையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டப் பல மாநிலங்களிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். அன்றைய குறைந்தபட்சத் தினக்கூலி ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு. ஒப்பந்ததாரர் அதைத் தொழிலாளியிடம் நேரில் கொடுக்காமல் கங்காணியிடம் கொடுத்தார். கங்காணி ஆளுக்கு ஒரு ரூபாய் தரகு கழித்துக்கொண்டு எட்டேகால் ரூபாய் கொடுத்தார். பெண்களுக்கு ஏழு ரூபாய். மூன்று சமூக ஆய்வாளர்கள் வேலைத்தளங்களுக்குப் போய் இதைக் கேட்டு எழுதினார்கள். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் அந்த அறிக்கையை இணைத்து உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். புகார் ஒப்பந்ததாரர்கள் மீதுதானே, எங்கள் மேல் எப்படி வழக்கு வரும் என்று அரசுத் தரப்பு கேட்டது. அந்த வாதம் எடுபடவில்லை. வேலைத்தளங்களை அவ்வப்போது போய்ப் பார்த்துச் சொல்ல நீதிமன்றமே மூன்று பேரை நியமித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பு வந்தது. பொதுநல வழக்கு என்றால் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் முதலில் எடுத்துப் படிக்கும் தீர்ப்புகளில் அது ஒன்று. அது வந்த தேதி 1982 செப்டம்பர் 18. போட்டி தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சில வேலைத்தளங்களில் காரை பூசும் வேலைகூட முடிந்திருக்காது.